குளிர்காலத்துல ஹம்மிங்பேர்டுக்கு என்ன வைக்கலாம், என்ன நடலாம்

கேள்வி: சியாட்டில் பக்கம் ரெட்மண்ட்ல டவுன்ஹவுஸ், பின்னாடி கொஞ்சூண்டு இடம். டிசம்பர் வந்தும் ஒரு ஹம்மிங்பேர்ட் (பூந்தேன் குடிக்கற குட்டிப் பறவை) சுத்திக்கிட்டே இருக்கு. ஃபீடர் (சீனித்தண்ணி ஊத்தித் தொங்கவிடற குப்பி) வச்சா தெக்க போகாம இங்கயே மாட்டிக்குமா? தண்ணி உறைஞ்சிட்டா? வெள்ளைச் சீனிக்கு பதிலா வெல்லம், தேன் போடலாமா? மூணு வாரம் ஊருக்கு வேற போறோம்.

மாட்டிக்குமோன்ற பயத்தை முதல்ல விட்டுடுங்க. டிசம்பர்ல அங்க சுத்தறது அநேகமா அன்னாஸ் ஹம்மிங்பேர்ட், அது வருஷம் பூரா அங்கயே இருக்கிற பறவை. முன்னாடி கலிஃபோர்னியா, மெக்சிகோவோட பாஹா பக்கம்தான் இருந்துச்சு, ஜனங்க தோட்டத்துல வெளியூர் பூச்செடி வைக்கவும் ஃபீடர் தொங்கவிடவும் 1960களுக்கு அப்புறம் மெல்ல மெல்ல வடக்க ஏறி வாஷிங்டன் மாநிலம், கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும் குடியேறிடுச்சு. ஊர் மாறிப் போறது ரூஃபஸ் ஹம்மிங்பேர்ட், அது பகல் குறைய ஆரம்பிச்சதுமே மெக்சிகோ பக்கம் கிளம்பிடும், நீங்க ஃபீடர் வச்சிருக்கீங்கன்னு தங்காது.

இப்ப சீனி விஷயம். நம்ம ஆளுங்க எல்லாருமே கேக்கறாங்க, வெள்ளைச் சீனி நமக்கே கெடுதல் அதுக்கு எப்படின்னு. அதுக்கு வெள்ளைச் சீனிதான் சரி, ஏன்னா பூந்தேன்ல முக்கியமா இருக்கறதும் அதே சுக்ரோஸ்தான். வெல்லம், நாட்டுச்சக்கரை, பிரவுன் ஷுகர்ல எல்லாம் இரும்புச்சத்து இருக்கு, அது இந்த குட்டி உடம்புக்கு ஆகாது. தேனைக் கரைச்சு வச்சா சீக்கிரம் புளிச்சு பூஞ்சை பிடிக்கும். ஒரு கப் சீனிக்கு நாலு கப் தண்ணி, அவ்ளோதான். சிவப்பு கலர் பொடி வேண்டவே வேண்டாம், ஃபீடர் மூடி சிவப்பா இருந்தா போதும் தேடி வந்துடும்.

உறையற பிரச்சனைக்கு நிறைய பேர் சீனியை கூட்டி மூணுக்கு ஒண்ணா கலக்கறாங்க. கணக்கு போட்டுப் பார்த்தா நாலுக்கு ஒண்ணை விட அதுல உறையற புள்ளி கூடுதலா அரை டிகிரி செல்சியஸ்கூட இறங்காது, அதனால அதை நம்பாதீங்க. ராத்திரி உள்ள எடுத்து வச்சிட்டு விடியறதுக்கு முன்னாடி மாட்டறதுதான் நிச்சயமான வழி. சியாட்டில்ல டிசம்பர் கடைசில சாயங்காலம் 4:20 வாக்குல இருட்டத் தொடங்கிடும், சூரியன் வர கிட்டத்தட்ட 8 மணி. நாலு கிராம் சொச்சம் எடை இருக்கிற பறவை அந்த 15 மணி நேரத்துக்கு மேல சாப்பாடு இல்லாம தாங்கணும், அதுக்காகவே உடம்பு சூட்டை ரொம்ப இறக்கி மரத்துப்போன மாதிரி ஒரு நிலைக்குப் போய் எரிபொருளை மிச்சம் பண்ணும். அதனால இருட்டறதுக்கு முன்னாடி குடிக்கறதும் வெளிச்சம் எட்டிப் பார்க்கறப்ப குடிக்கறதும்தான் உயிர் மாதிரி, அந்த ரெண்டு நேரமும் ஃபீடர் உறையாம இருந்தாகணும். காலைல எந்திரிக்க முடியாதுன்னா ஃபீடருக்கு அடியில மாட்டற ஹீட்டர் கிடைக்குது, இல்ல பழைய டைப் சூடாகிற கிறிஸ்மஸ் பல்பு சரத்தை சுத்தி விடுங்க (எல்ஈடி சூடாகாது, வேஸ்ட்). குளிர்தானேன்னு கழுவாம விடாதீங்க, வாரத்துக்கு ஒருதடவை சுடுதண்ணில கழுவி மாத்துங்க, கலங்கிட்டா அப்பவே.

ஆனா என்னைக் கேட்டா ஃபீடர் சைடு டிஷ்தான். சீனித்தண்ணி வெறும் எரிபொருள், புரதம் எல்லாம் கொசு மாதிரி சின்னப் பூச்சிலயும் சிலந்திலயும் இருந்துதான் வருது. அதனால இலைச்சருகை மூலைல அப்படியே விட்டு வைங்க, பூச்சிமருந்து அடிக்காதீங்க, ஈவ்ஸ் (வெளிய நீட்டிக்கிட்டிருக்கற கூரை விளிம்பு) ஓரத்துல இருக்கற சிலந்தி வலையை விளக்குமாறு கொண்டு ஒட்டடை அடிக்கிற நம்ம பழக்கத்தையும் கொஞ்சம் அடக்கிக்கோங்க, பறவை பிப்ரவரிலயே கூடு கட்ட ஆரம்பிக்கும், அந்த வலை நூலை வச்சுதான் கூட்டை இழுத்துக் கட்டும்.

செடின்னு ஒண்ணே ஒண்ணு வைக்க இடம் இருந்தா மஹோனியா, 'சாரிட்டி' இல்ல 'விண்டர் சன்' வகை. வேற எதுவும் பூக்காத நவம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் மஞ்சள் கொத்து கொத்தா தேனோட நிக்கும், அரை நிழல்லயும் வரும், இலை முள்ளா குத்தும், அதனால நடக்கற வழில வேண்டாம். தொட்டில வைக்கணும்னா கமீலியா 'யூல்டைட்', ஒத்தை அடுக்குப் பூ, நடுவுல தேன் எட்டும். அடுக்கடுக்கா ரோஜா மாதிரி இருக்கற கமீலியா பார்க்க அழகு, பறவைக்கு பிரயோஜனம் கம்மி. குளிர் முடியற நேரத்துக்கு அந்த மண்ணோட சொந்தச் செடி, சிவப்புப் பூ கரன்ட் (red-flowering currant, ஒரு புதர்ச்செடி), அது பூக்கற சமயம்தான் ரூஃபஸும் திரும்பி வரும். மண்ணு உறையாத நாளா பார்த்து இப்பவே நடலாம், மழை பார்த்துக்கும்.

ஊருக்குப் போறது பத்தி குற்ற உணர்ச்சி வேண்டாம், சாதாரண நாள்ல அது உங்க ஃபீடரை மட்டும் நம்பி இல்ல, அக்கம்பக்கத்துல பல இடம் வச்சிருக்கும். பனி கொட்டி எல்லாம் உறையற நாலஞ்சு நாள்தான் கஷ்டம். விடியக்காலைல மாட்ட ஒத்துக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க இருந்தா சீனித்தண்ணியை கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு சாவி குடுங்க. யாரும் இல்லன்னா கழுவி உள்ள எடுத்து வச்சிட்டுப் போங்க, மூணு வாரம் புளிச்ச தண்ணி தொங்கறதை விட அது மேல்.