மாறுவேடத்துக்கு ஒரு கர்ணன் கவசம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன், டிவி மகாபாரதத்தில் வருகிற கர்ணனாகத்தான் பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சார்ட் அட்டையில் கவசம் செய்து ஜிகினாத் தாள் ஒட்டினேன். கையைத் தூக்கியதும் மடிந்து கிழிந்துவிட்டது. வாடகைக் கடைகளில் அவன் அளவுக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலேயே உருப்படியாகச் செய்ய வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அட்டை ஒருமுறை மடிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடியும். வியர்வை பட்டால் ஊறியும் போகும். தெர்மாகோலும் வேண்டாம். ரப்பர் பசை பட்டால் கரைந்து குழி விழும். உங்களுக்குத் தேவை ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட். லேசான செருப்புகளின் அடிப்பாகத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். பெரியமேட்டில் செருப்பு, தோல் பை செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பேக்கிங் ஃபோமைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் நீர்க்குமிழி போன்ற அறைகள் கண்ணுக்கே தெரியும், சூடு காட்டினால் சுருங்கிவிடும்.

பத்துப் பதினோரு வயதுப் பையனுக்கு மார்பு, முதுகு, இரு தோள், இரு முன்கை எல்லாம் சேர்த்து 6 மி.மீ. ஷீட் சுமார் 1 சதுர மீட்டர் வேண்டும். மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு 2 மி.மீ. ஷீட் அதில் பாதி போதும். ரப்பர் பசை (ஃபெவிகால் எஸ்.ஆர். வகை) 200 மி.லி., 4 செ.மீ. அகல எலாஸ்டிக் 2 மீட்டர், 18 மி.மீ. பிளேடு கட்டர் ஒன்று.

பாதி வெற்றி அளவெடுப்பதில்தான் இருக்கிறது. பழைய பனியனைப் போட்டுவிட்டு, அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் இறுக்காமல் ஒட்டுங்கள். கழுத்து, கைக்குழி, இடுப்புக் கோடுகளை மார்க்கரால் வரைந்து, இரண்டு பக்கவாட்டிலும் கத்தரித்து எடுத்தால் அதுவே பேட்டர்ன். ஃபோமுக்குப் போகும் முன் அந்தக் காகிதத்தை மாட்டிவிட்டு இரண்டு சோதனை செய்யுங்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அக்குளில் இடித்தால் கைக்குழியை இன்னும் 2–3 செ.மீ. வெட்டுங்கள். பிறகு சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கவசம் மேலேறித் தாடையில் முட்டினால் கீழ் விளிம்பு நீளம் என்று அர்த்தம். இடுப்பெலும்புக்கு மேலேயே அது முடிய வேண்டும். உங்கள் அட்டைக் கவசம் கிழிந்ததற்கு இந்தக் கைக்குழியும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

மார்புத் துண்டையும் முதுகுத் துண்டையும் பக்கவாட்டில் ஒட்டிவிடாதீர்கள். 5 செ.மீ. இடைவெளி விட்டு எலாஸ்டிக்கால் சேருங்கள். மூச்சு விட இடம் கிடைக்கும், காற்றும் போகும். ஒரு பக்கம் மட்டும் வெல்க்ரோ வைத்தால் பையன் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அரை நிமிடத்தில் கழற்றலாம். பின்பக்கம் பசையோடு வரும் வெல்க்ரோ நம் ஊர் வியர்வைக்கு உரிந்துவிடும். எலாஸ்டிக்கில் தைத்துவிடுவதே நல்லது.

வெட்டும்போது கட்டரைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு மூன்று தடவையில் வெட்டுங்கள். பிளேடு மழுங்கியதும் நுனியை உடைத்துவிட வேண்டும். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். அடுத்து ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடேற்றுங்கள். மேற்பரப்பு லேசாகப் பளபளத்ததும் நிறுத்தி, தோள் துண்டைக் கவிழ்த்த குடத்தின் மேல் அழுத்தி, ஆறும் வரை பிடித்திருந்தால் குவிந்த வடிவம் அப்படியே நிற்கும். முன்கைக் காப்புக்கு ஒரு சொம்பு போதும். இந்த வேலையும் பசை வேலையும் பெரியவர்களுக்கு மட்டும்.

பசையை ஒட்ட வேண்டிய இரண்டு முகத்திலும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர விடுங்கள். பத்து நிமிடம் ஆகும், மழைநாளில் இன்னும் கூடும். பலரும் ஈரத்திலேயே ஒட்டிவிடுவார்கள். அந்த மூட்டு வழுக்கிப் பிளந்துவிடும். உலர்ந்த பின் ஒட்டினால் பிரித்து ஒட்ட முடியாது. ஆகவே இரு முனைகளைச் சேர்த்துவிட்டு நடுவை நோக்கி வாருங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தள்ளி உட்காருங்கள்.

அலங்காரத்தில் அள்ளிக் கொட்டாதீர்கள். சூரியன் மகன் என்பதால் மார்பின் நடுவே கதிர்களோடு ஒரு சூரியன், விளிம்பு முழுக்க 1 செ.மீ. பட்டை, அவ்வளவு போதும். கல் வைக்க ஆசைப்பட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நாட்டிய நகை விற்கும் கடைகளைப் பாருங்கள். குண்டலத்தை மறந்துவிட வேண்டாம், அது இல்லாமல் கர்ணன் இல்லை. 2 மி.மீ. ஃபோமை மூன்று அடுக்காக ஒட்டிச் செய்து, காதில் மாட்டாமல் கிரீடத்திலிருந்து தொங்கவிடுங்கள். தெருக்கூத்தில் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வதும் கனமில்லாமல் இருக்கத்தான். விடிய விடிய ஆடுகிறவருக்குக் கழுத்து தாங்க வேண்டுமே!

கேள்வி: ஃபோம் கவசத்துக்குத் தங்க நிற எனாமல் அடித்தோம். மாட்டிப் பார்த்ததும் தோளில் வெடித்து உதிர்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: எனாமல் காய்ந்தால் விறைக்கும், ஃபோமோ வளையும், அதனால் வெடிக்கிறது. கவசத்தைத் தட்டையாகப் போட்டு அடித்துவிட்டுப் பிறகு வளைத்திருந்தால் இன்னும் மோசம். உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கவசத்தைத் தலையணை மேல் போட்டு அந்த வளைவிலேயே வேலை செய்யுங்கள். வெள்ளை ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம். இது இல்லாவிட்டால் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு காவிப் பழுப்பு நிற அக்ரிலிக் ஒரு பூச்சு. அதன் மேல் தங்க அக்ரிலிக்கை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி இரண்டு பூச்சு. அடியில் பழுப்பு இல்லாத தங்கம் மஞ்சளாக வெளிறிப்போகும். கடைசியில் நீர்த்த கரும்பழுப்பைப் பள்ளங்களில் விட்டு, மேட்டைத் துணியால் துடைத்தால் பழைய உலோகக் களை வரும்.

உலர்ந்த ஃபெவிகால் வியர்வையில் மறுபடி பிசுபிசுக்கும். அதனால் உட்புறம் பூசவே வேண்டாம். மேலே வார்னிஷ் ஒரு கை, உள்ளே பருத்திப் பனியன்.

கேள்வி: வில் வேண்டும் என்கிறாள் மகள். ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில் பள்ளியில் அனுமதி கேளுங்கள். 20 மி.மீ. பி.வி.சி. எலக்ட்ரிக்கல் பைப்பில் 110 செ.மீ. துண்டு எடுத்து, உள்ளே உலர்ந்த மணலை நிரப்பி இரு முனையையும் அடையுங்கள். மணல் இருந்தால் வளைக்கும்போது பைப் நசுங்காது. சூடு காட்டி மெதுவாக வளையுங்கள். பைப் பழுப்பாக மாறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் புகை கெடுதல். நாணுக்குக் கயிறு கட்டாமல் தொய்வான மெல்லிய எலாஸ்டிக் கட்டினால் விறைப்பு இருக்காது, எதையும் எய்ய முடியாது. அம்புகளின் நுனியில் ஃபோம் உருண்டை ஒட்டி, அம்பறாத்தூணிக்குள்ளேயே பசை போட்டு நிறுத்திவிடுங்கள்.