எவ்வளவு உயரம், எந்தத் திசை? வானில் தேடுவோருக்கான கேள்வி பதில்

தொலைபேசியின் வானியல் செயலி காட்டும் ஆல்டிட்யூட், அசிமுத் எண்களை வைத்துக்கொண்டு வானத்தில் தேடுபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆல்டிட்யூட்டை உயரக்கோணம் என்றும் அசிமுத்தைத் திசைக்கோணம் என்றும் குறிப்பிடுகிறேன். அடிவானத்தில் உயரக்கோணம் 0 பாகை. தலைக்கு நேர் மேலே 90. திசைக்கோணம் வடக்கில் 0 எனத் தொடங்கி வலச்சுற்றாகப் போகும்: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

டொராண்டோவிலிருந்து: சென்னையில் இருக்கும் அண்ணன், அகத்தியர் நட்சத்திரம் உயரக்கோணம் 24, திசைக்கோணம் 180-இல் தெரிகிறது என்று எழுதியிருந்தார். நானும் அதே எண்களுடன் தெற்கே தேடினேன். வானம் தெளிவாக இருந்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஏன்?

அந்த எண்கள் உங்கள் அண்ணனுக்கு மட்டுமே சொந்தம், அதுவும் அவர் பார்த்த அந்த நேரத்துக்கு மட்டும். கோயில் கோபுரம் என் இடக்கைப் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாமல் நாம் கோபுரத்தைக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? உயரக்கோணமும் திசைக்கோணமும் அப்படிப்பட்டவைதான். இந்த எண்களை யார் கொடுத்தாலும் எந்த ஊர், எத்தனை மணி என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாத எண்கள் எதற்கும் பயன்படாது.

ஊரைச் சாராத எண் ஒன்று உண்டு. அது நடுவரை விலக்கம், அதாவது வான நடுவரையிலிருந்து (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போவதாகக் கருதும் கோடு) விண்மீன் எத்தனை பாகை வடக்கிலோ தெற்கிலோ இருக்கிறது என்பது. அகத்தியருக்கு அது தெற்கே 52.7. நேர் தெற்கில் நிற்கும்போது ஒரு விண்மீனின் உயரத்தை அறிய, 90-இலிருந்து உங்கள் அட்சரேகையைக் கழித்து, பிறகு தெற்கு விலக்கத்தையும் கழிக்க வேண்டும். சென்னைக்கு 90 − 13.1 − 52.7 = 24.2. கன்னியாகுமரியில் 29, யாழ்ப்பாணத்தில் 27 முதல் 28, சிங்கப்பூரில் 36. டொராண்டோவின் அட்சரேகை 43.7 என்பதால் விடை −6.4 என்று வருகிறது. அடிவானத்துக்குக் கீழே! அங்கிருந்து அகத்தியரை எந்த இரவிலும் பார்க்க இயலாது. ஊருக்கு வரும்போது பிப்ரவரி நடுவில் வாருங்கள். அப்போது இரவு 9 மணியளவில் அது நேர் தெற்கில் நிற்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கருவி எதுவும் என்னிடம் இல்லை. உயரக்கோணத்தை எப்படி அளப்பது?

கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் 5 பாகை, சுண்டுவிரல் நுனி 1 பாகை. குழந்தைகளுக்குக் கை சிறியதென்றாலும் நீளமும் குறைவு என்பதால் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

உங்கள் கையை வானத்தை வைத்தே சரிபார்க்கலாம். சப்தரிஷி மண்டலத்தில் கிண்ணத்தின் வெளிவிளிம்பில் உள்ள இரண்டு விண்மீன்களுக்கு இடைவெளி 5.4 பாகை, மூன்று விரல்கள் அவற்றை மறைக்க வேண்டும். ஓரியனில் சிவந்த திருவாதிரைக்கும் எதிர் மூலையில் வெண்மையாக மின்னும் ரைஜலுக்கும் இடையே 19 பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முட்டிகள் வேண்டும். அடிவானத்திலிருந்து முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒன்பதாவது முட்டியில் தலையுச்சியை எட்டவில்லை என்றால் உங்கள் முட்டி எத்தனை பாகை என்பதும் தெரிந்துவிடும். செயலியைத் தொடுவதற்கு முன்பே எல்லோரும் இதைப் பழக வேண்டும் என்பது என் கருத்து. கை பழகியவருக்கு, எண் தவறாக இருந்தால் உடனே புலப்படும்.

சேலத்திலிருந்து: என் தொலைபேசி உயரத்தைச் சரியாகக் காட்டுகிறது. திசை மட்டும் 15, 20 பாகை தள்ளிப் போகிறது. பழுதா?

பழுதாக இருக்காது. உயரக்கோணத்தைத் தொலைபேசி புவியீர்ப்பை வைத்து அறிகிறது. அதைக் குழப்பக்கூடியது உங்களைச் சுற்றி எதுவும் இல்லை. திசையை அறிவதோ காந்த உணரி. மொட்டைமாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பிகள், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, காந்தப் பூட்டு வைத்த உறை ஆகிய எல்லாமே அதை இழுக்கும். உறையைக் கழற்றிவிட்டு, இரும்பிலிருந்து விலகி நின்று, தொலைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிப் பாருங்கள். அதன் பிறகும் பிழை இருந்தால், நன்றாகத் தெரிந்த ஒரு விண்மீனைக் குறிபாருங்கள். செயலி சொல்ல வேண்டியதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, அன்றிரவு அதே இடத்தில் நின்று பார்க்கும் மற்றவற்றுக்கும் அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.

காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறு என்பது பற்றித் தமிழகத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். இங்கே வேறுபாடு ஓரிரு பாகைதான்.

மதுரையிலிருந்து ஒரு கணித ஆசிரியை: பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்துகிறேன். இந்த எண்களை மாணவர்களே கணக்கிட முடியுமா?

முடியும். முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடையும் கிடைக்காது. சூத்திரம் இது:

சைன் (உயரம்) = சைன் (அட்சரேகை) × சைன் (விலக்கம்) + காஸ் (அட்சரேகை) × காஸ் (விலக்கம்) × காஸ் (மணிக்கோணம்)

விண்மீன் வடக்கு–தெற்குக் கோட்டைக் கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதே மணிக்கோணம். ஒரு மணிக்கு 15 பாகை. சிரியஸை எடுத்துக்கொள்வோம். விலக்கம் −16.7 (தெற்கு என்பதால் கழித்தல் குறி), மதுரையின் அட்சரேகை 9.9. கோட்டைக் கடந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றால் மணிக்கோணம் 30. கணக்கிட்டால் சைன் மதிப்பு 0.768, உயரக்கோணம் 50 பாகை.

திசைக்கு: காஸ் (திசை) = [சைன் (விலக்கம்) − சைன் (அட்சரேகை) × சைன் (உயரம்)] ÷ [காஸ் (அட்சரேகை) × காஸ் (உயரம்)]. இதில் −0.664 வரும்; கோணம் 132. மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். 132 என்பது தென்கிழக்கு, ஆனால் கோட்டைக் கடந்துவிட்ட விண்மீன் மேற்குப் பாதியில் இருந்தாக வேண்டும். எனவே 360-இலிருந்து கழித்து 228 என்று எழுத வேண்டும், தென்மேற்கு. கால்குலேட்டருக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. அதை மாணவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாம் சூத்திரத்தில் உயரத்தை 0 என்று வைத்தால் உதிக்கும் இடமும் கிடைக்கும். மதுரையில் சூரியன் உதிக்கும் திசைக்கோணம் ஜூன் இறுதியில் 66, டிசம்பர் இறுதியில் 114. கிழக்கே உதிக்கிறது என்று நாம் சொல்வது மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களுக்குத்தான் சரி. ஓராண்டு முழுவதும் வகுப்பு ஜன்னலிலிருந்தே பிள்ளைகள் இதைக் குறித்துவரலாம்.

சிதம்பரத்திலிருந்து: பழைய வானியல் நூல் ஒன்றில் கொடுத்துள்ள திசைக்கோணம் செயலியைவிடச் சரியாக 180 பாகை மாறி வருகிறது.

அந்த நூல் தெற்கிலிருந்து அளக்கிறது. வானியலில் அப்படியும் ஒரு வழக்கம் இருந்தது. 180-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். மங்கலானவற்றைத் தேடியே இரவு கழிந்துவிடுகிறது. எண்களைக் கொண்டு நேராகப் போய்ப் பிடிக்க வழி உண்டா?

உண்டு. உங்கள் தாங்கி இதற்கென்றே பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஜான் டாப்சன் பரப்பிய இந்த எளிய மரத்தாங்கி மேல்–கீழ், இடம்–வலம் என்ற இரண்டே அசைவுகள் கொண்டது. அவைதான் உயரக்கோணமும் திசைக்கோணமும்.

தச்சர்கள் பயன்படுத்தும், அடியில் காந்தம் உள்ள டிஜிட்டல் சாய்வுமானி ஒன்றை வாங்கிக் குழாயின்மேல் ஒட்டவையுங்கள். உயரம் அதில் வந்துவிடும். அடிப்பலகையைச் சுற்றி 360 பாகை அச்சிட்ட காகித வட்டத்தை ஒட்டி, நகர்த்தக்கூடிய ஒரு முள்ளை வையுங்கள். ரசமட்டம் பார்த்து அடிப்பலகையைச் சமமாக்குவதில் சோம்பல் கூடாது. அது சாய்ந்தால் இரண்டு எண்களும் சாயும். பிறகு பிரகாசமான ஒரு விண்மீனைக் கண்வில்லையின் நடுவில் கொண்டுவந்து, செயலி சொல்லும் திசைக்கோணத்துக்கு முள்ளை நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

நேரத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள தொலைநோக்கியில் சாதாரண 25 மில்லிமீட்டர் கண்வில்லை ஏறத்தாழ ஒரு பாகை வானத்தைத்தான் காட்டும். வானமோ நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. எனவே எண்ணைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்வந்தால் அந்த எண் காலாவதியாகியிருக்கும். பார்த்த உடனே திருப்புங்கள்.

முதல் இலக்காக ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தை (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம்) பரிந்துரைக்கிறேன். மே இறுதியில் இரவு 9 மணியளவில் உங்கள் ஊரில் அது நேர் தெற்கே, 31 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழ்பவர்களுக்கு அது கிடைக்காத காட்சி.

வாணியம்பாடியிலிருந்து: இந்த முறை அவ்வளவு எளிது என்றால், காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி ஏன் சாய்வான அச்சில் நிற்கிறது?

காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1980-களைச் சேர்ந்தது. அதன் ஓர் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருப்பதால், அந்த அச்சை மட்டும் ஒரே வேகத்தில் சுழற்றினால் விண்மீன் நழுவாது. உயர–திசைத் தாங்கியிலோ இரண்டு அச்சுகளும் ஒவ்வொரு கணமும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னையில் அகத்தியர் நேர் தெற்கைக் கடக்கும்போது திசைக்கோணம் மணிக்கு 10 பாகைதான் மாறுகிறது. உச்சிக்கு 6 பாகை தள்ளிக் கடக்கும் சுவாதிக்கோ நிமிடத்துக்கே 2 பாகைக்கு மேல்! நேர் உச்சியில் எந்த மோட்டாராலும் ஈடுகொடுக்க முடியாது. அங்கே சிறு குருட்டுப் புள்ளி எஞ்சியே தீரும். போதாததற்குக் காட்சிப் புலமும் மெல்லச் சுழலும்.

கணினி வந்தபின் இந்தக் கணக்கு சுமையாக இல்லை. எடை குறைவான, உறுதியான தாங்கி என்பதால் பெரிய தொலைநோக்கிகள் இதற்கே மாறிவிட்டன. 1970-களில் சோவியத் நாட்டின் 6 மீட்டர் தொலைநோக்கி வழிகாட்டியது. உத்தராகண்டில் தேவஸ்தலில் உள்ள நம் 3.6 மீட்டர் தொலைநோக்கியும் இவ்வகைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: துருவ நட்சத்திரம் இங்கே தெரியுமா? எந்த உயரத்தில்?

தெரியும். அதன் உயரக்கோணம் உங்கள் அட்சரேகைதான்: ஏறத்தாழ 9.7 பாகை, அதாவது வடக்கே ஒரு முட்டி. மிகச் சரியாகத் துருவத்தில் இல்லாததால் முக்கால் பாகைக்குள் மேலும் கீழும் அசையும். கடலோரப் புழுக்கத்தில் அந்த உயரத்தில் மங்கலாகத்தான் இருக்கும். மழை ஓய்ந்த இரவில் வடக்குக் கரையில் நின்று பாருங்கள். இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் இதே உயரத்தைக் கொண்டுதான் கப்பலோட்டினார்கள். கமால் என்ற சிறு பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவத்திலும் பொருத்தி, பல்லில் கடித்த கயிற்றின் முடிச்சைக் கொண்டு அளந்தார்கள். அவர்களுடைய அலகின் பெயரும் விரல்தான்.

சென்னையிலிருந்து: வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கும் இதே எண்கள்தானா?

ஆம். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பும் ஜிசாட்-15 நிலநடுக்கோட்டின் மேல் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து அதன் திசைக்கோணம் 134, உயரக்கோணம் 68. தட்டு அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியாததற்குக் காரணம், அலைகளைப் பெறும் கருவி தட்டின் நடுவில் இல்லாமல் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதுதான்.

தஞ்சாவூரிலிருந்து: திசைகாட்டியே இல்லாமல் மொட்டைமாடியில் நிரந்தரமாக வடக்கைக் குறிக்க விரும்புகிறேன்.

ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழல் சுருங்கிவந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் நீண்டு மீண்டும் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு–மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகப் போடுவது வடக்கு–தெற்கு. கோயில் கட்டுவோர் சங்கு நட்டுத் திசை கண்ட முறை இதுவே. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நம் பகுதியில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை அது தெற்கே விழும். ஜூன், டிசம்பர் மாதங்களின் இறுதியில் செய்தால் காலைக்கும் மாலைக்கும் இடையே சூரியனின் விலக்கம் மிகக் குறைவாகவே மாறும் என்பதால் கோடு துல்லியமாக அமையும். வண்ணத்தில் வரைந்து, பத்துப் பத்துப் பாகையாகக் கோடுகளையும் போட்டுவிட்டால், தொலைபேசியின் காந்த உணரி உங்களுக்குத் தேவைப்படாது.