‘18ஆம் நூற்றாண்டு’ வெட்ஜ்வுட் பலகை: நம்பி வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இணையத்தில் ஒரு வியாபாரி, நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும் வெட்ஜ்வுட் (இங்கிலாந்தின் பீங்கான் நிறுவனம்) ஜாஸ்பர் பலகை ஒன்றை, அதாவது மெருகுப்பூச்சு இல்லாத சுட்டமண் பலகையை, ‘க்யூபிட்–சைக்கீ திருமணம், 18ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கிறார். க்யூபிட் ரோமானியக் காதல் தெய்வம், சைக்கீ அவன் காதலி. பின்பக்கப் படத்தில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று அழுத்தியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பொருள் வெட்ஜ்வுட்டாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பே இல்லை. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் காரணமாக 1891 முதல் ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரையில் சேர்ந்தது. ‘மேட் இன்’ அதற்கும் பிறகுதான் வந்தது, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில். ‘வெட்ஜ்வுட்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்கு முந்தையது. ‘வெட்ஜ்வுட் அண்ட் பென்ட்லி’ என்றால் 1769–1780. அதற்கு விலையே வேறு. எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் ‘ஜி’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் நடுவே ஒரு ‘இ’ நுழைந்திருந்தால் அது ஜோசையா வெட்ஜ்வுட்டின் தொழிற்சாலைப் பொருள் அல்ல. ‘வெட்ஜ்வுட் அண்ட் கோ’வும் வேறு நிறுவனம்தான்.

முத்திரையை யாரும் போலியாக அழுத்தலாம். வேலைப்பாட்டை அப்படிச் செய்வது கடினம். இந்தக் காட்சிக்கு மூலமாக இருப்பது மார்ல்பரோ ரத்தினம் என்று பெயர்பெற்ற, 5 செ.மீ. அகலம்கூட இல்லாத செதுக்குக் கல். இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முக்காடிட்ட இரண்டு குழந்தை உருவங்கள், அவர்களைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லும் தீப்பந்தக்காரன், அந்தக் குழந்தைகளின் தலைக்கு மேல் பழக்கூடை. இதையே வெட்ஜ்வுட் பல அளவுகளில் வார்த்தது.

வெள்ளை உருவத்தைத் தனி அச்சில் எடுத்து, தண்ணீர் தொட்டு நீலத் தளத்தில் ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். நல்ல பிரதியில் முக்காட்டுத் துணி மெல்லிசாக இருக்கும் இடத்தில் அடியிலுள்ள நீலம் லேசாகத் தெரியும்; விளிம்புகள் கூர்மையாக இருக்கும். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் முகமும் விரல்களும் மெழுகு உருகியதுபோல் மழுங்கித் தெரிந்தால், தேய்ந்த அச்சு அல்லது ரெசின் நகல். பின்பக்கம் உருவத்தின் வடிவிலேயே குழிந்திருந்தால், தளமும் உருவமும் ஒரே அச்சில் வார்த்த மலிவுச் சரக்கு.

இரண்டு மண்ணும் சுடும்போது ஒரே அளவில் சுருங்காவிட்டால் வெள்ளைக்குள் மயிரிழை விரிசல் விழும். அது பிறவிக் குறை, விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும். தளத்தைக் குறுக்காக வெட்டி ஓடும் விரிசல் பின்னால் விழுந்தது. உடைந்து ஒட்டிய இடம் புற ஊதா டார்ச்சில் தனி நிறமாகத் தெரியும். அந்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிவிட்டால்?

பதில்: பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியதை, கையில் வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணம் கேட்கலாம். விளம்பரத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். பிறகு மாற்றி எழுதுவார்கள். தனியாள் விற்றால் 14 நாள் சலுகை கிடையாது.

கேள்வி: இத்தாலியச் சிற்பி கனோவாவின் க்யூபிட்–சைக்கீ சிலையின் ‘வெண்கலப்’ பிரதி. காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் வெண்கலம்தானே?

பதில்: துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, ரெசினிலும் ஒட்டாது. இந்தச் சோதனை இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஊசியால் சிறிது கீறச் சொல்லுங்கள்: பொன் மஞ்சள் என்றால் வெண்கலம் அல்லது பித்தளை, சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாகம். மூலச் சிலை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்கு. எனவே ‘அசல்’ என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை. துத்தநாகப் பிரதி தூக்கிய இறக்கையில்தான் முதலில் முறியும், அங்கே பற்றவைத்த (சாலிடர்) தடம் தேடுங்கள்.

கேள்வி: ஜாஸ்பரை எப்படித் துடைப்பது?

பதில்: வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்சோப்பு, மென்மையான தூரிகை. பிளீச் வேண்டாம். உடைந்து ஒட்டிய இடம் இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் ஊறவைக்கவும் வேண்டாம்.