மது விலையை ஏற்றினால் மொடாக்குடி குறையுமா?

குறையும். ஆனால் எந்த மதுவின் விலையை ஏற்றுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் 3 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மலிவான சைடர் (ஆப்பிள் மது) கிடைத்துவந்தது. 7.5% ஆல்கஹால். 10 மில்லி சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட் என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு பாட்டிலில் 22.5 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது அங்குள்ள மருத்துவ அறிவுரை. ஒன்றரை வாரத்து அளவை ஒருவர் நான்கைந்து பவுண்டுக்கே வாங்கிவிட முடிந்தது.

2018 மே மாதம் யூனிட்டுக்குக் குறைந்தபட்சம் 50 பென்ஸ் (அரை பவுண்டு) விலை என்று சட்டம் வந்தது. அதே பாட்டில் 11.25 பவுண்டுக்குப் போய்விட்டது. மதுக்கூடத்தில் விலை முன்பே அதிகம் என்பதால் அங்கே பெரிய மாற்றமில்லை. வரியை ஏற்றினால் கடைக்காரர் லாபத்தைக் குறைத்துக்கொண்டு பழைய விலைக்கே விற்கலாம். இதில் அந்த வழி அடைபட்டது.

பலன்? மது விற்பனை சுமார் 3% குறைந்தது. மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4% குறைவு என்று மதிப்பிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இது சாதாரண விஷயமல்ல, அத்தனையும் உயிர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் குறைவு பெரும்பாலும் கல்லீரல் நோய் போன்ற நாள்பட்ட பாதிப்புகளில்தான். ஒரே இரவில் அளவுமீறிக் குடித்துச் சாவது அப்படிக் குறையவில்லை. குடிக்கு அடிமையான சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு பாட்டில் வாங்கினார்கள். அவர்களுக்கு விலையை ஏற்றினால் மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். 2024 செப்டம்பர் கடைசியில் யூனிட்டுக்கான குறைந்தபட்ச விலையை 65 பென்ஸாக உயர்த்தினார்கள்.