ஒரு கெஜம் தூரம்

(பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் ‘மைதானத்து ஓரம்’ வாத்தியார், வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவற்றில் பாதி, அமெரிக்க ஃபுட்பால் பற்றியவை.)

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர்?
– வாசகர், சுரண்டை

1869 நவம்பரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதியதைத்தான் இதன் முதல் ஆட்டம் என்பார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்து ஓடக் கூடாது. அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாக மாறி, கையாட்டம் ஆகிவிட்டது. கோட்டை பெரும்பாலும் போய்ப் பெயர் மட்டும் நிற்கிற எங்கள் பாளையங்கோட்டை மாதிரிதான்.

என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடியில் கார்னர் ஆடுவான், எடை 82 கிலோ. ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் அமெரிக்க ஃபுட்பால் பார்த்துவிட்டு, “அங்க போய் ஆடப் போறேம்மா, கோடிக்கணக்குல சம்பளம்” என்கிறான். திட்டவும் மனசில்லை, விடவும் பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பான் சார்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

அம்மா, பத்திரிகையைப் பையன் கையில் கொடுங்கள். கொஞ்ச நேரம் அவனிடம் பேசிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

தம்பி, கோடி என்பது பொய்யில்லை. எத்தனை பேருக்கு என்று பார். என்.எஃப்.எல். என்ற அவர்களுடைய தொழில்முறை லீக்கில் மொத்தம் 32 அணி, அணிக்கு 53 பேர். கோடை முகாமுக்கு 90 பேரைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் முடிவதற்குள் 53 ஆகக் கழிப்பார்கள். காலையில் ஓர் ஆள் வந்து, “கோச் கூப்பிடுறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா” என்றால் முடிந்தது. அணியின் வியூகம் முழுக்க அந்தப் புத்தகத்தில் இருக்கும். அதனால் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு அனுப்புவார்கள். இப்போது புத்தகம் போய் டேப்லெட் வந்துவிட்டது, அனுப்புகிற விதம் மாறவில்லை.

இதையெல்லாம் தாண்டியவனும் சராசரியாக ஆடுவது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே என்று அந்த வீரர்களின் சங்கமே சொல்கிறது. ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மூன்று சீசன் வேண்டும். செய்தியில் வருகிற ஒப்பந்தத் தொகை முழுவதும் கைக்கு வரும் என்றும் இல்லை. நடுவில் கழற்றிவிட்டால் உறுதி சொன்ன பங்கு மட்டும்தான்.

எடைக்கு வருவோம். நம் ஊர்க் கொடை, பொங்கல் ஆட்டங்களில் எடைக் கட்டுப்பாடு உண்டு, உனக்கே தெரியும். 60 கிலோ ஆட்டத்துக்கு ஒன்றரைக் கிலோ கூட இருந்த ஒரு பயல், நட்டநடு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் ஓடினான். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே ஓடினான். அவன் பின்னால் சைக்கிளில் போனவன் நான்தான். அங்கே தலைகீழ். முன்வரிசையில் முட்டி நிற்கிறவனுக்கு 140 கிலோ சாதாரணம். வருஷா வருஷம் இண்டியானாபோலிஸில் கல்லூரிப் பையன்களைச் சோதிப்பார்கள். 40 கெஜம் ஓட வேண்டும், அதாவது முப்பத்தாறரை மீட்டர். 102 கிலோ பாரத்தை மல்லாந்து படுத்து எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். (கெஜம் என்றதும் எனக்குச் சேலைக் கடைதான் ஞாபகம் வருகிறது.)

வழியே கிடையாது என்று சொன்னால் அது பொய். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பழக்க 2017-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஜோர்டன் மைலாட்டா என்று ஓர் ஆஸ்திரேலியர். ரக்பி ஆடியவர், அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற வருடாந்தரத் தேர்வில், 2018-ல் ஃபிலடெல்பியா அணி அவரை 233-வது ஆளாக எடுத்தது. 2025 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பௌல் என்ற லீக் இறுதி ஆட்டத்தை ஜெயித்தபோது முன்வரிசையில் நின்றார். ஆனால் அவர் உயரம் 2.03 மீட்டர், எடை 160 கிலோவுக்கு மேல். நீ அவர் தோளுக்கு எட்டுவாயா?

உனக்குத் தோதானது இன்னொன்று இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் வருகிறது. அணிக்கு ஐந்து பேர். ஆளை முட்டித் தள்ளக் கூடாது, இடுப்பில் தொங்கும் துணியை உருவினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். ஒலிம்பிக் வரை போவாய் என்று நான் ஆசை காட்டவில்லை. கணுக்காலைக் குறிவைத்து விழுகிற கார்னருக்கு இருக்கிற கண், அந்தத் துணிக்கும் வேலை செய்யும் என்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா, இனி உங்களுக்கு. உங்கள் பயம் வீண் இல்லை. பிட்ஸ்பர்க் அணியில் நான்கு சூப்பர் பௌல் ஜெயித்த மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்தார், வயது 50. கடைசிக் காலத்தில் நினைவும் நிதானமும் குலைந்து கிடந்தார். பெனட் ஓமலு என்ற டாக்டர் அவர் மூளையைச் சோதித்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வந்த சிதைவு என்று கண்டுபிடித்தார். முழங்கால் போனால் நொண்டியாவது நடக்கலாம். பையன் பார்க்கிற செல்போனில் இந்தப் பக்கம் வராது. உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள், திட்டாமல்.

சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர் சாம்பியன் ஆனார் என்று படித்தேன். நிஜமா, கதையா?
– வாசகர், வீரவநல்லூர்

நிஜம். கர்ட் வார்னர். எனக்குப் பிடித்த ஆள், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

அயோவா மாநிலத்துக்காரர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். இந்த இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற பல இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள், இவரை லேசில் மாற்ற மாட்டார்கள். முன்னால் நிற்கிறவர் அடிபடாத வரை பின்னால் இருப்பவருக்கு பெஞ்சுதான். வார்னருக்குக் கல்லூரியிலேயே கடைசி வருஷம்தான் முழுதாக ஆடக் கிடைத்தது. 1994 தேர்வில் ஓர் அணியும் எடுக்கவில்லை. கிரீன் பே அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அவருக்கு முன்னால் மூன்று பேர், அதில் முதல் ஆள் பிரெட் ஃபாவ்ர். சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் ஹைவீ என்ற கடையில் ராத்திரி வேலை. மணிக்கு ஐந்தரை டாலர். பெட்டியைப் பிரித்து, டப்பாக்களைத் தட்டில் அடுக்க வேண்டும். பகலில் தான் படித்த கல்லூரி மைதானத்தில் போய்ப் பந்து எறிவார். 1995-லிருந்து அரங்குக்குள் ஆடும் ஆட்டத்துக்குப் போனார். 50 கெஜக் களம், ஓரத்தில் மெத்தை வைத்த சுவர். இடம் இல்லாததால் பந்தைப் பிடித்த மாத்திரத்தில் எறிந்தாக வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. அந்தப் பழக்கம் பிற்பாடு கை கொடுத்தது. நடுவில் சிகாகோ அணி கூப்பிட்டபோது, தேனிலவுக்குப் போன இடத்தில் எறிகிற கையில் சிலந்தி கடித்து முழங்கை வீங்கிவிட்டது. அந்த வாய்ப்பும் போச்சு. சனி பகவான் அயோவா வரைக்கும் போவார் போலிருக்கிறது.

1998-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆடிவிட்டு, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். 1999 சீசனுக்கு முன் முதல் ஆளுக்கு முழங்கால் போயிற்று. 28 வயதில் வார்னர் உள்ளே வந்தார். அந்த சீசனில் 41 டச் டவுன் பாஸ் (வாங்கியவர் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த எறிகள்), லீக்கின் சிறந்த வீரர் விருது.

2000 ஜனவரி 30, சூப்பர் பௌல், எதிரணி டென்னசி. இரண்டு நிமிஷம் இருக்கும்போது வார்னர் எறிந்த பந்தை ஐசக் புரூஸ் வாங்கிக் கோட்டுக்குள் போனார், 73 கெஜம். ஸ்கோர் 23–16. கடைசி ஆறு விநாடியில் டென்னசிக்கு 10 கெஜம் பாக்கி. கெவின் டைசன் பந்தை வாங்கித் திரும்புகிறார், மைக் ஜோன்ஸ் காலைக் கட்டிக்கொள்கிறார். அச்சு அசல் நம் பிடிதான், நான் பையன்களுக்கு ஆயிரம் தடவை காட்டின பிடி. டைசன் விழுந்தபடியே கையை நீட்டுகிறார். கபடியில் விரல் நுனி கோட்டைத் தொட்டால் ஆள் வீடு வந்தாயிற்று. அங்கே பந்து கோட்டை எட்ட வேண்டும். ஒரு கெஜம் எட்டவில்லை.

அதன் பிறகு ராம்ஸ் அணியே வார்னரை விட்டுவிட்டது. 2009-ல் அரிசோனா அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோய்த் தோற்றார். அடுத்த வருஷம் ஓய்வு. 2017-ல் அவர்களுடைய புகழ் மண்டபத்தில் பெயர் ஏறியது.

சார், நான் உங்கள் பழைய மாணவன். கபடி வாத்தியாருக்கு இந்த ஆட்டம் எப்படிப் பழக்கம்?
– வாசகர், மேலப்பாளையம்

மகள் அயோவாவில் இருந்தாள். பேத்தி பிறந்தபோது ஆறு மாதம் போயிருந்தோம். வெளியே பனி, உள்ளே டிவி. தயிர் வாங்கப் போகிற கடை ஹைவீ. மருமகன்தான் ஒரு நாள் தட்டைக் காட்டி வார்னர் கதையைச் சொன்னார். நான் பேசாமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

காரணம் உண்டு. 22 வயதில் ஒரு கபடித் தேர்வில் என்னையும் கழித்திருக்கிறார்கள். சாயங்காலம் 12 பேர் பெயரை வாசித்தார்கள். மூன்று நாள் நான் பிடித்துப் போட்ட ஒருவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. தேர்வாளர் ஒருவருக்கு அவன் வேண்டப்பட்டவன் என்று பிறகு கேள்விப்பட்டேன். ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் கருப்பட்டி எடை போட்டேன். அதுவரை நானும் வார்னரும் ஒன்றுதான். ஆனால் கடை சாத்தின பிறகு நான் மைதானத்துக்குப் போகவில்லை. ஆறு மாதம் அந்தத் தேர்வாளரைத் திட்டிக்கொண்டே வயிறு வளர்த்தேன். அடுத்த தேர்வுக்கு எடை கூடிவிட்டது, மூச்சும் இல்லை.

கல்லிடைக்குறிச்சிப் பையனுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வ.உ.சி. மைதானத்துக்கு வா. இடுப்பில் செருக இரண்டு துண்டுத் துணி கொண்டு வா, பந்து என்னிடம் இருக்கிறது. ராத்திரி சீக்கிரம் தூங்கிவிட்டு வாலே.