ஆயிரம் டுக்காட் கையில் இருந்தால்

கேள்வி: அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஸ்பெயினுக்குத்தான் கப்பல் கப்பலாகப் போனது. ஆனால் தொழிலில் முன்னுக்கு வந்தவை இங்கிலாந்தும் ஹாலந்தும். மதியத் தூக்கம் போடும் சோம்பேறிகள் ஸ்பானியர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்டு. மதியத் தூக்கத்தை விட்டுவிடுங்கள், அது கும்பகோணத்திலும் நடக்கிறது.

அந்த வெள்ளியை வெட்டியது யார்? இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி. 1545-ல் அங்கே வெள்ளி கிடைத்தது. 1570களில் 'மித்தா' என்ற கட்டாய வேலைமுறை வந்தது. ஆண்டீஸ் மலைக் கிராமங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்கு வரவேண்டும். கட்டைவிரலில் மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டு, முதுகில் தாதுமூட்டையோடு, தோல்வார் ஏணியில் இருட்டுக்குள்ளிருந்து ஏறி வந்தார்கள். இவர்கள் ஸ்பானியர்கள் இல்லையே என்பீர்கள். சரி, ஸ்பெயினுக்கே போவோம்.

வெட்டியெடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. கப்பல் ஸ்பெயினின் செவில் துறைமுகத்துக்கு வந்து சேருவதற்கு முன்பே அந்தப் பங்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், இத்தாலியின் ஜெனோவா நகரத்து வங்கிக்காரர்களிடம் அடகில் இருக்கும். பணம் போர்களுக்குப் போனது. ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய நெதர்லாந்தோடு நடந்த போர் மட்டும் 1568 முதல் 1648 வரை, நடுவில் 12 ஆண்டு ஓய்வோடு, இழுத்தது. அந்தச் செலவுக்கு முன்னால் பொட்டோசி வெள்ளி யானைப் பசிக்குச் சோளப்பொரி. ராஜா இரண்டாம் ஃபிலிப் 1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை, கடனைச் சொன்னபடி கட்ட முடியாது என்று கைவிரித்தார். உலகத்திலேயே அதிக வெள்ளி வந்த நாட்டின் ராஜா!

ராஜா கதை போகட்டும். குடிமகனுக்கு வருவோம். வந்து குவிந்த வெள்ளியும் ஒரு காரணமாக, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைவாசி ஏறக்குறைய நான்கு மடங்கானது. நூறு வருஷத்தில் நான்கு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் விலை என்பது அசையாத ஒன்று என்று நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது பேரிடி. துணி விலை ஏறுகிறதே என்று 1548-ல் வல்லாடோலிட் நகரில் கூடிய, ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்டீலின் பிரதிநிதி சபை ராஜாவிடம் முறையிட்டது. என்ன கேட்டார்கள் தெரியுமா? வெளிநாட்டுத் துணியை உள்ளே விடுங்கள், நம் துணியை வெளியே அனுப்பாதீர்கள், அமெரிக்கக் காலனிகளுக்குக்கூட வேண்டாம் என்று! 1552-ல் ஏற்றுமதித் தடையும் வந்தது. சில ஆண்டுகளில் அதை விலக்கிக்கொண்டார்கள். கிடைத்த சந்தையைத் தானே மூடச் சொன்ன சபையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது நீங்கள் அந்தக் காலத்து நெசவு ஊரான செகோவியாவில் இருக்கிறீர்கள், கையில் ஆயிரம் டுக்காட் (அன்றைய ஸ்பெயின் பணம்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி போடலாம். ஆனால் நல்ல கம்பளியை ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வியாபாரிகள் போட்டிபோட்டு வாங்குகிறார்கள், கூலி ஏறிக்கொண்டே போகிறது, விற்றால் 'அல்கபாலா' என்று பத்து சதவீத வரி சட்டத்திலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் 'ஹூரோ' வாங்கலாம். அது அரசாங்கக் கடன் பத்திரம், வட்டி 5 முதல் 7 சதவீதம், உட்கார்ந்த இடத்தில் வரும். இன்னும் பல மடங்கு காசு இருந்தால் 'ஹிடால்கோ' என்ற பிரபு பட்டத்தையே விலைக்கு வாங்கிவிடலாம். பட்டம் வந்தால் நேரடி வரி கிடையாது. எதைச் செய்வீர்கள்? தறி போடுகிறேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். வல்லாடோலிட் வழக்கறிஞர் செயோரிகோ 1600-லேயே இதைத்தான் எழுதினார்: வட்டியில் வாழும் ஆசை வந்து ஜனங்கள் தொழிலை விட்டுவிட்டார்கள் என்று. ராஜா காதில் ஏறவில்லை. 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் மோரிஸ்கோக்களை, அதாவது கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, நாட்டைவிட்டே விரட்டினார்கள். வலென்சியாவில் மூன்றில் ஒருவர் போய்விட்டார். பாசன வயல்களில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

உங்கள் சோம்பேறிக் கதையில் இன்னொரு ஓட்டை, ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கும் கேட்டலோனியா. 1730களில் அதன் தலைநகர் பார்சலோனாவில் பருத்தித் துணியில் அச்சுப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்தியானா'. நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியும் சேர்ந்து ஐரோப்பாவை மயக்கியதன் அடையாளம் அந்தப் பெயர். அடுத்த நூற்றாண்டில் நீராவி மில் வந்தது, 1848-ல் பார்சலோனாவிலிருந்து பக்கத்து ஊரான மட்டாரோவுக்கு ரயில் ஓடியது. அவர்களுக்கும் அதே மதிய வெயில்தான்.

அப்புறம், 1960-ல் மேற்கு ஜெர்மனியோடு ஸ்பெயின் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. அண்டலூசியாவிலிருந்தும் கலீசியாவிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறிப் போய், ஜெர்மன் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலை பார்த்து, மாதாமாதம் வீட்டுக்கு மார்க் அனுப்பினார்கள். அந்த ஜெர்மன் முதலாளிகளிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும் உங்கள் கேள்வியை.