பூனைக்கும் புரட்டாசி விரதமா?

கேள்வி: இரண்டு வாரத்துக்கு முன்பு காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண் பூனை ஒன்றை எடுத்து வந்தோம். பூனை வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. பகலெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது. மாதம் முழுவதும் வீட்டில் மீன், கறி வாசனையே கூடாது என்கிறார் மாமி. ஒரு மாதம்தானே, பாலும் பருப்புச் சோறும் கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகி, மெரிபேங்க், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: போதாது அம்மா. நானே இதைச் செய்து பார்த்துக் கண்ணீர் விட்டவள். சாட்ஸ்வர்த்தில் என் முதல் பூனை மணி நல்ல குண்டன். புரட்டாசி முதல் நாளிலிருந்து அவனுக்குப் பால்சோறு வைத்தேன். முதலில் வயிற்றுப்போக்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போக ஆரம்பித்தான். பசித்தால் தானே தின்பான் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் காதின் உட்புறமெல்லாம் மஞ்சள். பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்துவிடுமாம். குழாய் வழியாக உணவு ஊட்டித்தான் மருத்துவர் அவனைப் பிழைக்க வைத்தார். உங்கள் பூனை ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாயாவது காய்கறியைச் சேர்த்துக்கொண்டு சமாளிக்கும். பூனைக்கு மாமிசம் இல்லாமல் முடியாது. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, பருப்பில் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் கடை உணவில் அதை அதிகமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

சரி, மாமியை எப்படிச் சம்மதிக்க வைப்பது? சமைக்கவே தேவையில்லாத உலர் உணவு வாங்குங்கள். அதை மூடி போட்ட டப்பாவில் கராஜில் வையுங்கள். பூனைக்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, கழுவுவது வெளிக்குழாயில். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. என் மாமி ஒரு வாரம் முகம் சுளித்தார். அதற்கப்புறம் அவரே, "பிள்ளைக்குத் தட்டு வைத்தாயா?" என்று கேட்க ஆரம்பித்தார். விரதம் நம்முடைய நேர்த்தி. அந்தச் சின்ன உயிர் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். விரதம் முடிந்ததும் மீன் குழம்பில் மீந்ததை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பனாடோ (பாராசிட்டமால்) மாத்திரையோ, ஒன்றே உயிரைக் குடித்துவிடும்.

கட்டிலடியில் கிடப்பதை நினைத்து வருந்த வேண்டாம். உங்களைப் பிடிக்காததால் அல்ல, புது வீட்டுப் பயத்தால் கிடக்கிறது. இழுக்காதீர்கள். அதே அறையில் ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் சாப்பாடும் தண்ணீரும் வையுங்கள். சாயங்காலம் தரையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருங்கள். மணி என் மடிக்கு வரவே ஆறு வாரம் ஆனது.

வெறிநோய் (ரேபிஸ்) ஊசி போட்ட அட்டையைக் காப்பகத்தில் கேட்டு வாங்கிவிட்டீர்களா? நம் குவாசூலு-நேட்டாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் போன வருஷம் எங்கள் பூனை ஓடிப்போய் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. இந்த வருஷம் என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இருட்டுவதற்கு முன்பே உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். லோட்டஸ் எஃப்எம்மைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் போடுங்கள். தொலைந்தாலும் யார் வீட்டுப் பூனை என்று கண்டுபிடிக்க, தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பை இந்த மாதமே போட்டுவிடுங்கள். கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5-லும் வெடிப்பார்கள். அன்றைக்கும் அதே அறைதான்.